கீழ் ஓரம் ஒளிரவில்லை

பிப்ரவரி 4

அன்புள்ள சகலைக்கு,

உறையின் மேல் இருப்பது என் கையெழுத்து இல்லை. எங்கள் டிரைவிங் ஸ்கூலில் பதிவேடு எழுதும் பெண்ணைக் கெஞ்சி எழுத வைத்தேன். என் எழுத்து என்று தெரிந்தால் பிரிக்காமலே குப்பைக்கூடைக்கு அனுப்பிவிடுவீர்கள். இப்போது பிரித்தாயிற்று. இனி படிக்காமல் இருக்க உங்களால் முடியாது. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைக்கூடப் படிக்கிற ஆள் நீங்கள்.

வீட்டுக்கு எழுதாமல் ஆஸ்பத்திரிக்கு எழுதுகிறேன். உங்கள் வீட்டில் தெரிந்தால் பத்தாவது நிமிடம் என் வீட்டில் தெரிந்துவிடும். அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் எந்த ரகசியம் ராத்தங்கியிருக்கிறது? போனில் பேசலாமென்றால் என் எண்ணை நான்கு வருடமாக அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

விஷயம் எனக்கில்லை, என் நண்பர் ஒருவருக்கு. ஐம்பத்திரண்டு வயது, நல்ல மனிதர், பார்க்க லட்சணமாக இருப்பார். தலைமுடிக்கும் அவருக்கும் மட்டும் ஒத்துப்போகவில்லை. அவருக்கு நெற்றிப்பொட்டில், புருவம் முடிகிற இடத்தில், ஒரு சிவந்த திட்டு. சட்டைப் பொத்தான் அளவு. செதில் விடுகிறது, உதிர்கிறது, ஆறின மாதிரி நடிக்கிறது, மறுபடி வருகிறது. ஒன்றரை வருடமாக ஷேவிங் காயம் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். நெற்றிப்பொட்டில் யாரய்யா ஷேவ் பண்ணுகிறார்கள் என்று கேட்டேன். வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

இங்கே ஒரு தோல் மருத்துவர் துளி கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். புற்று என்று வந்திருக்கிறது. மேல்தோலோடு நிற்கிற வகை, உயிருக்கு ஆபத்தில்லை, விட்டுவைத்தால் மட்டும் ஆழமாக இறங்கும் என்றாராம். வெட்டி எடுக்கலாம், கண்ணுக்குப் பக்கத்தில் என்பதால் வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டி வரலாம். இல்லாவிட்டால் வெளிச்சம் பாய்ச்சிச் சரிசெய்யும் சிகிச்சை உண்டு. அந்த விளக்கு உங்கள் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது என்றாராம்.

அந்த விளக்கைப் போடுகிறவரே என் சகலைதான் என்று நண்பரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் ஏனோ சுருங்கிவிட்டது.

வலிக்குமா? வேலை செய்யுமா? நண்பருக்காக எழுதுங்கள், என் முகவரிக்கு.

இப்படிக்கு,
உங்கள் சகலை


பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு,

நண்பரின் உடல்நிலை அறிந்து வருந்துகிறேன். கேட்டவற்றுக்குப் பதில்.

முதலில் திட்டின் மேல் இருக்கும் செதிலை மெல்லச் சுரண்டி எடுப்போம். அதன்மேல் ஒரு களிம்பு. வெளிச்சம் படாமல் கட்டிவிட்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்தக் களிம்பைக் கெட்ட செல்கள் பேராசையோடு குடிக்கும். நல்ல செல்கள் அவ்வளவாகத் தொடாது. குடித்த செல்லுக்குள் அது வெளிச்சத்துக்கு ஆகாத ஒரு பொருளாக மாறிவிடும். பிறகு சிவப்பு விளக்கை எட்டு நிமிடம் பாய்ச்சினால், எது குடித்ததோ அது தன்னாலேயே அழியும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம். மேலோட்டமான திட்டுகளுக்கு மட்டும்தான் இது. ஆழத்துக்கு வெளிச்சம் போகாது. பெரும்பாலும் வேலை செய்யும். எப்போதும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. வலிக்கும்.

ஒரு சந்தேகம். நண்பருக்கு எந்தப் பக்கம்? வண்டி ஓட்டுகிறவர் என்றால் வலது பக்கம் வந்திருக்கும். அவருடைய ஜன்னல் அங்கேதான். இடது பக்கம் என்றால், அவர் பல வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிறர் ஓட்டுவதைக் குறை சொல்லியே வெயில் வாங்கியவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். பதினான்கு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி கற்றிருக்கிறேன். பதினைந்தாம் நாள் அவர் மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டையும் ஒரு தக்காளியையும் வைத்து, நான் ரிவர்ஸ் எடுத்த விதத்தை வாய்ச் சத்தத்தோடு நடித்துக் காட்டினார். தக்காளி நான்.

நண்பர் வரலாம். தம் மனைவியிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். இது ஆஸ்பத்திரி விதி அல்ல. என் விதி.

இப்படிக்கு


பிப்ரவரி 18

அன்புள்ள சகலைக்கு,

இடதுதான். போதுமா?

கையெழுத்துப் போடும் இடத்தில் பெயரைக்கூடப் போடாமல் "இப்படிக்கு" என்று மொட்டையாக விட்டிருக்கிறீர்கள். மொட்டையைப் பற்றி எனக்கே பாடமா? இருக்கட்டும். உங்கள் கோபம் உங்களிடமே இருக்கட்டும். நான் ஒன்றும் இட்டுக்கட்டவில்லை. கைபிரேக்கை எடுக்காமல் ஒரு தெரு முழுக்கப் பின்னாலேயே போன ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். வண்டி அழுததே, அது உங்கள் காதில் விழவில்லையா?

உங்கள் விதிக்கு வருகிறேன். முடியாது. நம் மாமனார் போன விதம் உங்களுக்குத் தெரியும். எட்டு மாதம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என் மனைவி, உங்கள் அக்காதான். அவளிடம் "புற்று" என்று ஆரம்பித்தால் அடுத்த சொல் காதில் ஏறாது. "மேல்தோல்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் என்னைப் பாதி வழி அனுப்பி வைத்திருப்பாள். சரியாகிவிட்டு வந்து சொல்லிக்கொள்கிறேன். அதுவரை உங்கள் வீட்டுக்கும் தெரிய வேண்டாம்.

நாள் குறித்து எழுதுங்கள். பத்து நாள் பயிற்சி முகாம் என்று வீட்டில் சொல்லப்போகிறேன். இத்தனை வருடத்தில் முதல்முறையாக நான் எதையோ கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

சகலை


பிப்ரவரி 25

மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு,

மார்ச் 2, மார்ச் 9. இரண்டு நாளும் காலை எட்டு மணி, தோல் பிரிவு, இரண்டாம் மாடி. களிம்பு போட்டதும் மூன்று மணி நேரம் கேண்டீனிலோ காத்திருக்கும் கூடத்திலோ இருங்கள். கட்டைத் தொட வேண்டாம். விளக்கு முடிந்தபின் இரண்டு நாள் அந்த இடத்தில் வெயிலே படக்கூடாது.

நோயாளியைப் பற்றி வீட்டில் பேசுவது எங்கள் வேலைக்கு அழகல்ல. ஆகவே என் வீட்டில் தெரியாது. அக்காவிடம் சொல்ல வேண்டும் என்பதில் மாற்றமில்லை. வற்புறுத்தும் அதிகாரமும் எனக்கில்லை.

இப்படிக்கு


மார்ச் 14

அன்புள்ள சகலைக்கு,

நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன், வயிற்றெரிச்சலோடு.

விளக்கைப் போடுமுன் "கொஞ்சம் குத்தும்" என்றீர்கள். குத்தவா செய்தது? பற்றவைத்த தீக்குச்சியை ஒருவன் பொறுமையாக அதே இடத்தில் தேய்த்துக்கொண்டிருந்தான். கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டதால் யாரென்று தெரியவில்லை. நீங்கள் என்று நினைத்துக்கொண்டேன், அதில் கொஞ்சம் ஆறுதல். நடுவில் விசிறியைத் திருப்பிவிட்டீர்கள், தண்ணீர் தெளித்தீர்கள். "நிறுத்தி ஆரம்பிக்கலாமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டீர்கள். "வேணாம், ஓட்டுங்க" என்றேன். என் மாணவர்களில் யாரிடமும் நான் இதுவரை சொல்லாத வார்த்தை.

வேலை செய்யும்போது நீங்கள் வேறு ஆள், சகலை. கண்ணாடி மாட்டுமுன் பார்த்தேன், அந்த விளக்கின் கையை ஒரு விரலால் நகர்த்தி, அளவுகோல் வைத்து, தூரம் பார்த்து நிறுத்தினீர்கள். ஒரே தடவையில். முன்னே பின்னே போகவே இல்லை. இந்த ஆளுக்கா பார்க்கிங் வரவில்லை என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

இப்போது முகம் பார்க்கச் சகிக்கவில்லை. பாதி நெற்றி சிவந்து பொருக்குத் தட்டியிருக்கிறது. வாசலில் பார்த்ததும் "என்னாச்சுங்க?" என்று கத்திவிட்டாள். வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்: புதுப் பையன் ஒருவன் சுவரில் மோதினான், ஏர்பேக் வெடித்தது. மகா தப்பு. "எந்தப் பையன்? நான் வந்து கேக்கிறேன்" என்று கிளம்பினாள். ஒரு பாவமும் அறியாத வங்கி குமாஸ்தா ஒருவர் இப்போது அவள் கோபத்தின் பட்டியலில் இருக்கிறார். அவருக்கு நாற்பத்தெட்டு வயது வேறு.

ஜூனில் பார்ப்போம்.

சகலை


ஜூன் 15

அண்ணாவுக்கு,

புதன்கிழமை மருத்துவர் உங்களிடம் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். திட்டின் மேல்பகுதி போய்விட்டது. கீழ் ஓரத்தில், பிறை மாதிரி, மீதி இருக்கிறது. இன்னொரு முறை வெளிச்சம். அதிலும் போகாவிட்டால் கத்தி. நீங்கள் வழக்கம்போல ஏதோ வேடிக்கையாகச் சொன்னீர்கள். யாரும் சிரிக்கவில்லை என்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

இது உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு ஓரம் மட்டும் மீந்துபோனால், விளக்கு சாய்ந்திருந்ததோ என்ற கேள்வி வரும். வந்துவிட்டது. விளக்கைச் சோதிக்க ஒரு பொறியாளரை அழைத்திருக்கிறார்கள். அதுவரை பத்தொன்பது நோயாளிகளின் நாட்களைத் தள்ளிப்போட்டிருக்கிறோம். நான் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். உங்களுடைய இரண்டு நாட்களின் அளவுகளையும் பல தடவை பார்த்துவிட்டேன். தூரம் சரி, கோணம் சரி, நேரம் சரி.

பதினொரு வருடமாக இந்த விளக்கை நான்தான் போடுகிறேன். நீங்கள் என்னைப் பற்றிச் சொல்லும் கதைகளில் இதற்கு இடம் உண்டா என்று தெரியாது. ஆனாலும் இது எனக்கு வரும் என்று நினைத்திருந்தேன்.

இப்படிக்கு


ஜூன் 21

சகலைக்கு,

உங்கள் விளக்கு சாயவில்லை. கை சாய்ந்தது, என்னுடையது.

மூன்று மணி நேரம் கேண்டீனில் உட்காரச் சொன்னீர்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். எதிரே ஒருவர் தன் மூலநோயைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆரம்பித்ததும் எழுந்து கார் நிறுத்தத்துக்குப் போய் என் வண்டியில் உட்கார்ந்துகொண்டேன். வண்டியில் உட்கார்ந்தால் என் கண் எங்கே போகும்? இருபத்தாறு வருடமாக "கண்ணாடி பாரு, கண்ணாடி பாரு" என்று ஊரையே கத்த வைத்தவன். நடுக்கண்ணாடியைத் திருப்பினேன். உள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்க ஆசை. கட்டின் கீழ்முனையை நகத்தால் நெம்பித் தூக்கினேன். களிம்பு விரலோடு வந்துவிட்டது. விரலைத் துடைத்தேன் — எதில் என்று கேட்காதீர்கள், இருக்கை உறை துவைக்கப் போயிருக்கிறது. மறுபடி அழுத்தி ஒட்டினேன். கால் மணி நேரம் கழித்துத் திரும்பவும் பார்த்தேன். எப்படியும் ஐந்தாறு தடவை இருக்கும். நல்ல வெயில் வேறு.

ஒரு வாரம் கழித்தும் அதே வண்டி, அதே கண்ணாடி, அதே நான்.

புதன்கிழமை மருத்துவர் "கீழ் ஓரம்" என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் ஜோக் அடித்தேன். வீட்டுக்கு வந்து ஆறு நாள் சும்மா இருந்தேன். பத்தொன்பது பேர் என்று படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. உங்கள் மேலதிகாரிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை, படித்துவிட்டுக் கொடுங்கள். அதில் வேடிக்கை எதுவும் இல்லை. மூன்று தடவை திருப்பி எழுதி எடுத்துவிட்டேன்.

சகலை


ஜூன் 28

அண்ணா,

உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். கூடவே என்னுடையதையும் ஒன்று கொடுத்தேன். அதில் இருப்பதை உங்களுக்கும் எழுதிவிடுகிறேன்.

விளக்கைப் போடுமுன் அறையை இருட்டாக்கி, ஒரு சின்ன ஊதா விளக்கை அடித்துப் பார்ப்போம். களிம்பு இறங்கின இடம் பவழ நிறத்தில் மின்னும். உங்களுக்கு மேல்பகுதி மின்னியது. கீழ் ஓரம் ஒளிரவில்லை. கட்டின் முனை சுருண்டு, பசையில் ஒரு விரல் அடையாளம் இருந்தது. யாரோ தூக்கியிருக்கிறார்கள் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். நிறுத்தி, மருத்துவரைக் கூப்பிட்டு, நாள் மாற்றியிருக்க வேண்டும்.

செவிலியர் பக்கத்தில் நின்றார். நான் உங்களிடம் கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குக் கேட்டது. "என்ன சகலை, பிளாஸ்திரிய மட்டும் கோணலில்லாம பார்க் பண்ணணுமா?" அவர் சிரித்திருப்பார். அதோடு கதை தொடங்கியிருக்கும். தட்டு, தக்காளி எல்லாம் வந்திருக்கும். அந்த அறையில் இதுவரை யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை, அண்ணா. அதைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிக்கொண்டு விளக்கைப் போட்டேன். ஒரு வாரம் கழித்தும் அப்படியே. உங்கள் நெற்றியை வைத்து என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். விளக்கத்தில் என்னையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன்.

மருத்துவர் இரண்டு கடிதத்தையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு பேரும் சொந்தமா?"

"சகலைங்க, டாக்டர்."

"அதான பாத்தேன்" என்றார். பிறகு அரை மணி நேரம் என்னை நிற்கவைத்துப் பேசினார். அதை எழுதப்போவதில்லை. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது, சரியான எச்சரிக்கைதான். விளக்கறை திறந்துவிட்டது. உங்களுக்கு ஜூலை 20, 27. இந்தத் தடவை விளக்கை வேறொருவர் போடட்டும் என்று கேட்டால் ஏற்பாடு செய்கிறேன்.

உங்கள் சகலை


ஜூலை 5

அன்புள்ள சகலைக்கு,

வேறு ஆள் வேண்டாம். வாயை மூடிக்கொண்டு படுக்க எனக்குத் தெரியாது, இருந்தாலும் கற்றுக்கொள்கிறேன்.

உங்கள் அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அந்த ஏர்பேக் விஷயம்..." என்று இழுத்தேன்.

"அந்த வண்டில ஏர்பேக்கே கிடையாதே" என்றாள், மடிப்பதை நிறுத்தாமல். மார்ச் மாதமே ஸ்கூலுக்குப் போய் அந்த வங்கிக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கிறாள். அவர்தான் பாவம், வண்டியைத் திறந்து காட்டி நிரூபித்தாராம்.

"அப்ப ஏன் கேக்கல?"

"யார்கிட்டயோ அடி வாங்கிட்டு வந்திருக்கீங்க, வெளிய சொல்ல வெக்கப்படுறீங்கன்னு நெனச்சேன். உங்க வாய்க்கு எப்பவாவது நடக்கும்னு எனக்குத் தெரியும்."

நான்கு மாதம், சகலை. நான்கு மாதம் என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு என்னோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

பிறகு சொன்னேன். புற்று என்ற சொல்லைக் கடைசியில் வைத்து, மேல்தோலில் ஆரம்பித்து, பின்பக்கமாகவே வந்து சேர்ந்தேன். அவள் கையில் இருந்த சட்டையைக் கீழே வைத்தாள். போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆழமா இல்லியே?"

"இல்ல. மேலதான்."

"அப்பாவுக்கும் அப்படித்தான சொன்னாங்க?"

"இல்லம்மா. அது வேற, இது வேற."

"நீங்க சொன்னா நம்பமாட்டேன். தங்கச்சி வீட்டுக்காரர் சொன்னா நம்புவேன்."

ஆகவே அவளும் வருகிறாள். உங்கள் வீட்டிலும் சொல்லிவிடுங்கள், இதற்குள் தெரிந்திருக்கும்.

இன்னொன்று. அன்றைக்கு மேசையில் நான் நடித்தபோது எல்லாரும் சிரித்தார்கள், நீங்களும் சிரித்தீர்கள். அதனால் எனக்குத் தெரியவில்லை. அப்புறம் அதே நடிப்பை எட்டுப் பத்து இடங்களில் செய்திருக்கிறேன். தக்காளி கிடைக்காத இடத்தில் எலுமிச்சை. நிறுத்திவிட்டேன் என்று எழுத ஆசை. நிறுத்தப் பார்க்கிறேன் என்பதுதான் நிஜம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

சகலை


நவம்பர் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூன்று மாதப் பரிசோதனையில் மருத்துவர் கீழ் ஓரத்தில் கிள்ளி எடுத்த துளியின் முடிவு இன்று காலை வந்தது. அதைச் சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது. மருத்துவர் கையெழுத்துப் போட்ட கடிதம் உங்களுக்கு வியாழன் அல்லது வெள்ளியன்று கிடைக்கும்.

எனக்கு உரிமை இருப்பது நாள் அட்டவணையில் மட்டும். அதில் உள்ளதை எழுதுகிறேன். அறுவைப் பிரிவில் முன்னெச்சரிக்கையாக உங்கள் பெயரில் வைத்திருந்த டிசம்பர் 3ஆம் தேதியை இன்று பத்தரை மணிக்கு வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். விளக்கறையின் பட்டியலிலும் உங்கள் பெயர் இல்லை. மே மாதத்தில் ஒரு நாள், சும்மா பார்த்து அனுப்பும் அறையில் இருக்கிறது. அதில் தொடங்கி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து வருடத்துக்கு, அதே அறை. இதிலிருந்து என்ன புரிந்துகொள்வது என்பது உங்கள் பாடு. முதலில் அக்காவிடம் படித்துக் காட்டுங்கள். நின்றுகொண்டு கேட்க வேண்டாம், உட்காரச் சொல்லுங்கள். மருத்துவரின் கடிதத்தில் தொப்பி, ஜன்னலுக்கு ஒட்டும் படலம் பற்றியெல்லாம் நீளமாக இருக்கும். அதையும் படித்துக் காட்டுங்கள்.

பரிசோதனை எல்லாமே காலை எட்டு மணிக்குத்தான் வைப்பார்கள். அந்த நேரத்துக்கு உங்கள் ஊரிலிருந்து வந்து சேர முடியாது. முந்தின நாளே வந்து எங்கள் வீட்டில் தங்கிவிடுங்கள். ஐந்து வருடத்துக்கு மொத்தம் பத்து தடவை வருகிறது. அதையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறேன்.

உங்கள் சகலை